வீட்டுக்கடன் நோட்டீஸ் வந்த வாரமே வழக்கறிஞர்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

நெய்வேலியில் பணிபுரிவோரும் ஓய்வு பெற்றோரும் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. வீட்டுக்கடன் பாக்கி, ஜப்தி, ஏலம் ஆகியவற்றில் வக்கீல் வைக்க வேண்டுமா, எப்போது வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டுவருகிறார்கள். சங்கத்தின் பதிலை இங்கே தெரிவிக்கிறோம்.

பாக்கியைக் கட்டச் சொல்லும் வங்கியின் 60 நாள் நோட்டீஸ் கைக்கு வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஏலத் தேதி அறிவித்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. கட்டணம் கொடுக்க முடியாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பது சட்டம் தந்த உரிமை. அந்த உரிமை நெய்வேலியிலேயே கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

நெய்வேலியில் இது ஏன் தனிப் பிரச்சினை

1956-இல் என்.எல்.சி. நிறுவனம் தொடங்கிய காலம் தொட்டு நகரியத்தின் குவார்ட்டர்ஸ் நிறுவனத்துக்கே சொந்தம். ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். அதனால்தான் பணியில் இருக்கும்போதே வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கம் மனை வாங்கிக் கடனில் வீடு கட்டுகிறோம். மாதத் தவணை சம்பளத்தைப் பார்த்துப் போடப்பட்டது. ஓய்வுக்குப் பின் சம்பளம் நிற்கிறது, தவணை நிற்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் கடினம். ஒரு நீண்ட நோயே மூன்று தவணைகளை விழுங்கிவிடும்.

முகவரிச் சிக்கலும் உண்டு. வங்கிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் வட்டம் எண், தெரு, குவார்ட்டர்ஸ் எண் கொண்ட பழைய முகவரி. பதிவுத் தபாலில் வரும் நோட்டீஸ் காலி செய்த குவார்ட்டர்ஸுக்குப் போய்த் திரும்பினால், 60 நாளில் பாதி வீணாகிவிடும். வீட்டுக் கதவில் ஒட்டிய தாளையோ பத்திரிகை விளம்பரத்தையோ பார்த்துத்தான் குடும்பத்துக்கு விஷயம் தெரியவரும். சக ஊழியருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் இதே கதிதான். சட்டத்தின் கண்ணில் ஜாமீன்தாரரும் கடன்தாரரே.

சட்டம் தரும் காலக்கெடு

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி வீட்டைக் கைப்பற்றி விற்கலாம். பிரிவு 13(2)-இன் கீழ் வரும் 60 நாள் நோட்டீஸ் அதன் முதல் படி. அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். கணக்கில் பிழை, தவறாக ஏற்றிய அபராதக் கட்டணம், நிலுவையில் உள்ள காப்பீட்டுக் கோரிக்கை, ஒரே தவணையில் தீர்க்கும் யோசனை எல்லாவற்றையும் பதிவில் ஏற்றும் இடம் இந்த ஆட்சேபம்தான். பிறகு கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வாதாடும்போது கையில் இருக்கும் ஆதாரமும் இதுவே.

60 நாள் கடந்து வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்தால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 45 நாள் உண்டு. உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை கேட்க இச்சட்டத்தின் பிரிவு 34 இடம் தராது. தீர்ப்பாயம் இருக்கும்போது உயர் நீதிமன்றம் ரிட் மனுவை எளிதில் ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சத்யவதி டாண்டன் வழக்கில் கூறியது. 2016-இல் வந்த திருத்தமோ, முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையை ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்போடு நிறுத்துகிறது. 2023-இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஏல நாள்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர் மீட்கும் உரிமையையே இழக்கிறார்.

நல்ல வழக்கறிஞர் முதலில் பார்ப்பது, இந்தச் சட்டம் இந்தக் கடனுக்குப் பொருந்துமா என்பதைத்தான். விவசாய நிலம் இதில் வராது. மொத்த அசலிலும் வட்டியிலும் 20 சதவீதத்துக்குக் குறைவாக பாக்கி இருந்தாலும் வராது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடனுக்கு இதைப் பயன்படுத்த முடியாது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு விதி வேறு. ஏலம் நடந்து முடிந்தாலும், கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை உரியவருக்கே சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்கவும் வழக்கறிஞர் தேவைப்படுவார்.

எப்படித் தேர்ந்தெடுப்பது

"வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தைத் தவணையில் கட்டலாமே" என்போரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஒன்றிரண்டு தவணை தவறியவர் முதலில் கிளை மேலாளரைப் பார்த்து, தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்க வேண்டும்; அங்கே வக்கீல் தேவையில்லை. ஆனால் 13(2) நோட்டீஸ் வந்த பின் வாய்ப்பேச்சு போதாது.

கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்திய அனுபவம் உள்ளவரையே தேடுங்கள். கட்டணத்தை முன்பே எழுத்தில் பேசுங்கள்; கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. "ஸ்டே நிச்சயம்" என்று வாக்களிப்பவரையும், கமிஷனுக்கு செட்டில்மென்ட் முடித்துத் தருவதாக வீடு தேடி வரும் இடைத்தரகரையும் நம்பாதீர்கள். வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தொழில் ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலில்தான் புகார் செய்ய வேண்டும். எனவே தேர்வு செய்யும்போதே கவனம் வேண்டும்.

இலவச சட்ட உதவி

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12, இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுள்ளோரைப் பட்டியலிடுகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளியும் அதில் இருக்கிறார். இவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. கணவருடன் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட மனைவி தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாய வழக்குகளுக்கும் இந்த உதவி உண்டு. கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சுரங்கத்தையும் அனல் மின் நிலையத்தையும் நம்பி வாழும் ஊரில், ஆலைத் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு என்ற ஒரு வரி பலருக்குத் தெரியாமல் இருப்பது பெரும் வேதனை.

எங்கள் கோரிக்கைகள்

1. 60 நாள் நோட்டீஸை வங்கிகள் தமிழிலும் அனுப்ப வேண்டும். ஆட்சேபம் தரும் உரிமை, இலவச சட்ட உதவி, 15100 எண் ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

2. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வீட்டுக்கடன் வழக்குகளுக்கென நெய்வேலியில் மாதந்தோறும் முகாம் நடத்த வேண்டும்.

3. தமிழ்நாட்டில் கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் சென்னை, கோவை, மதுரையில் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை இழந்து வெளியூர் போக முடியாத கடன்தாரருக்கு காணொலி விசாரணை எளிதாகக் கிடைக்க வேண்டும்.

4. குவார்ட்டர்ஸ் காலி செய்யும் படிவங்களோடு, வங்கியில் முகவரி மாற்றுவதற்கான நினைவூட்டலையும் நிறுவனம் சேர்த்துத் தர வேண்டும்.

எங்கள் பொறுப்பு

வழக்கறிஞர் கடனை மாயமாக்க மாட்டார். வாங்கிய கடனைக் கட்ட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. சட்டம் வகுத்த முறைப்படி வசூல் நடக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். எந்த வழக்கறிஞரையும் சங்கம் சிபாரிசு செய்யாது, யாரிடமும் கமிஷன் பெறாது. நோட்டீஸைப் படித்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், சட்டப் பணிகள் அலுவலகத்துக்குக் கூட வரவும் எங்கள் உறுப்பினர்கள் முன்வருவார்கள்.

தோழர்களே, தாய்மார்களே, கடன் பாக்கி அவமானம் என்று நோட்டீஸைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இந்த வாரமே வங்கிக்குப் போய் முகவரியைச் சரிபாருங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் உறையோடு எடுத்து வாருங்கள். வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஆனால் 60 நாள் நோட்டீஸில் இட்ட தேதியிலிருந்தே ஓடுகிறது.