பந்தயத் திரையும் மாதத் தவணையும்

எங்கள் மாருதி 800 பழுதாகி எங்களைப் பிரியவில்லை, வயதாகிப் பிரிந்தது. தில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மறு ஆண்டே எங்கள் வண்டிக்குப் பதினைந்து நிறைந்தது. தடையின்மைச் சான்று பெற்று, தலைநகர் வட்டாரத்துக்கு அப்பால் வாழும் பால் வியாபாரி ஒருவரிடம் சாவியை ஒப்படைத்தோம். தில்லியின் மார்கழிக் காற்றைச் சுவாசிப்பவர்கள் ஆதலால் அந்த ஆணையை நாங்கள் பழிப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வண்டியின் புகையை அளக்காமல் வயதை மட்டும் எண்ணுவது முறைதானா என்ற ஐயம் இன்றும் உண்டு.

இதுகாறும் மெட்ரோ ரயிலே போதுமானதாக இருந்தது. இப்போது வீட்டு முதியவர்களை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் மீண்டும் கார் தேடுகிறோம். விற்பனைக் கூடங்களில் எங்களை எதிர்கொண்ட முதல் கேள்வி, "எத்தனை பேர் பயணம் செய்வீர்கள்?" என்பதன்று, "மாதம் எவ்வளவு கட்ட இயலும்?" என்பதே. தொகையைச் சொன்னால், தவணையை ஏழாண்டுக்கு நீட்டி, ஒரு படி பெரிய காரைக் காட்டுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தோம். எட்டு லட்சம் ரூபாய்க் கடன், வட்டி 9 விழுக்காடு என்று கொள்வோம். ஐந்தாண்டுக்கு மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். ஏழாண்டுக்குச் சுமார் 12,900. கை இளகுகிறது, மெய்தான். ஆனால் வட்டி மட்டும் ஏறத்தாழ 85,000 ரூபாய் கூடுகிறது. காப்பீட்டுக் கணக்கின்படி ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பில் பாதி கழிந்துவிடும். ஏழாண்டுத் தவணையிலோ அப்போதும் 2.8 லட்சம் ரூபாய் அசல் நிலுவையில் நிற்கும்.

பெரிய கார் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டுமே காரணமன்று. 1983-இல் குர்கானிலிருந்து வெளிவரத் தொடங்கிய 800-இன் எஞ்சின் 796 சிசி, மூன்றே சிலிண்டர்கள். அதன் நான்கு மூலைகளும் ஓட்டுபவரின் கண்ணுக்குள் அடங்கும். கரோல் பாக் சந்தில் எதிரே ரிக்‌ஷா வந்தால் ஒதுங்க அதற்குத் தெரியும். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில் அம்பாசிடரும் விடைபெற்றது.

புதிய கார்களின் தொடுதிரையும் எங்களுக்கு உவப்பாக இல்லை. குளிர்காற்றைக் குறைக்கத் திருகு இருந்தால் விரலே அதைக் கண்டுகொள்ளும். திரையானால் கண் சாலையை விட்டு விலக வேண்டும். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, சைகை விளக்கு, துடைப்பான், ஒலிப்பான் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்கள் உள்ள கார்களுக்கே 2026 முதல் முழு மதிப்பெண் என்று சொல்லியிருப்பது எங்களுக்குச் சற்றே ஆறுதல்.

எங்கள் மகன் கணக்கில் இதெல்லாம் பழைமைவாதம். அவன் 'கிரான் டுரிஸ்மோ' விளையாடுபவன். திரை விளையாட்டு பிள்ளைகளை வேகத்துக்குப் பழக்குகிறது என்று நாங்களும் அஞ்சியதுண்டு. ஒருநாள் அருகில் அமர்ந்து பார்த்தபோது அந்த எண்ணம் சற்றே மாறியது. அதில் உரிமத் தேர்வு உண்டு; முதல் பாடமே வண்டியைக் கிளப்பிக் குறித்த எல்லைக்குள் நிறுத்துவது. வளைவுக்கு முன்பே பிரேக்கை மிதிக்காதவன் புல்வெளியில்தான் போய் நிற்பான். எங்கள் காலத்தில் ஓட்டுநர் பள்ளி வாகனத்தில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்ற எங்களுக்கு இது சிறிது நாணத்தையே தந்தது. அங்கே கடனும் கிடையாது. பந்தயத்தில் ஈட்டிய பணம் சேரும்வரை விரும்பிய காரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பழைய கார்களுக்கென்று ஓர் அங்காடியும் உண்டு.

ஆயினும் இடித்த காரை மறு நொடியே புதிதாகத் தரும் உலகம் அது. உரிமம் பெறும் வயது வந்ததும் அவனுக்குத் தில்லிச் சாலையை முதலில் அதிகாலையில்தான் காட்டுவதென்று இருக்கிறோம்.

இறுதியில், ஐந்தாண்டுத் தவணைக்குள் அடங்கும் சிறிய கார், திருகுகள் உள்ளது என்று முடிவாகியிருக்கிறது. நிறம் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. மகன் சிவப்பு என்கிறான். வெயிலை எண்ணி நாங்கள் வெள்ளை என்கிறோம்.