முதல் தடவை பிரேக் மாத்துறவங்க தனியா மாத்தாதீங்க

பம்பு செட்டுக்கு கிளாண்டு கயிறு மாத்துறது, மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு வாசர் போடுறது, ஃபுட் வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்றது எல்லாம் எங்க ஊர்ல அவங்கவங்க கையாலதான். ஆள் வரட்டும்னு உக்காந்திருந்தா வாழை காய்ஞ்சு போயிரும். அதனால சொந்தக் காருக்குத் தானே பிரேக் பேடு மாத்தணும்னு ஆசைப்படுறவங்களைத் தடுக்கிற ஆள் நான் இல்லை. மாத்தலாம். ஆனா முதல் தடவை, தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாம மாத்தக் கூடாதுங்கிறது என் கட்சி. பட்டுத்தான் சொல்றேன்.

எங்ககிட்ட ஒரு பழைய ஆம்னி வேன் இருக்குது. போன தை மாசம் பிரேக்கை மிதிச்சா முன் சக்கரத்துல கீச்சுன்னு சத்தம். மகளைத் தாளவாடியில கட்டிக் கொடுத்திருக்கோம். அங்க போகணும்னா திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. ஏறுறது பெரிசில்லைங்க, இறங்குறதுதான். ரெண்டாவது கியர்ல இறங்குனாலும் ஒவ்வொரு வளைவுலயும் கால் பிரேக்குக்குப் போகாம இருக்காது. பேடு தேஞ்ச வண்டியை அங்க கொண்டு போக முடியுமா?

பொங்கலுக்குச் சென்னையில இருந்து அக்கா மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. "மாமா, இது ரெண்டு மணி நேர வேலை. வீடியோல எல்லாமே இருக்குது. எதுக்குக் கூலி?" என்றான். எனக்கும் கை அரிச்சுது. டவுன்ல புது பேடு வாங்கிட்டு வந்தோம்.

முதல் சிக்கல் தரை. வீடியோவுல சிமெண்ட் தரை, எங்க வாசல் மண்ணு. ஜாக்கி வண்டியைத் தூக்காம மண்ணுக்குள்ள இறங்குது. அப்புறம் அடியில ஒரு வேப்பம்பலகை வெச்சு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு கொடுத்துத் தூக்கினோம். நட்டை, சக்கரம் தரையில இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கணும். தூக்கின பிறகு முறுக்கினா சக்கரம் சேர்ந்து சுத்தும், ஜாக்கி ஆடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விடவே கூடாது.

சக்கரத்தைக் கழட்டினா தட்டும், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் தெரியும். அந்தக் காலிப்பரைக் கழட்டி அப்படியே தொங்க விடப் பார்த்தான் மருமகன். அது தொங்குறது பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய்லங்க. குழாய்ல பாரம் விழக் கூடாதுன்னு கட்டுக்கம்பியில இழுத்துக் கட்டினேன். பழைய பேடைப் பார்த்தா அஞ்சு ரூபாய்க் காசு கனம்தான் மிச்சம்.

புதுப் பேடு கனம் ஜாஸ்தி. அது உள்ள நுழையணும்னா வெளிய வந்திருக்கிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளணும். சி கிளாம்ப் போட்டு மெதுவாத் தள்ளினோம். தள்ளும்போது ஆயில் டப்பாவுல மட்டம் ஏறும், வழிஞ்சா பெயிண்ட் உரியும், அதனால ஒருத்தர் டப்பாவைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் மறு பக்கம் கழட்டினோம். எது எங்க இருந்துச்சுன்னு சந்தேகம் வந்தா எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்துக்கலாம் இல்லையா? பேடு மேல கிரீஸ் படக் கூடாதுன்னு கையை ரெண்டு தரம் கழுவினேன். இவ்வளவும் சரியாத்தான் செஞ்சோம்.

சக்கரத்தை மாட்டி நட்டு முறுக்கியாச்சு. கல்லை எடுத்தாச்சு. நான் ஏறி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியைப் பின்னால எடுத்தேன். எங்க வாசல் கட்டுத்தரைப் பக்கமாச் சரிவு. பிரேக்கை மிதிச்சேன். கால் அப்படியே தரைவரைக்கும் போயிருச்சு. ஒண்ணுமே இல்லை. பேத்தி அப்பத்தான் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டிட்டு நின்னா. வீட்டுக்காரம்மா "ஏனுங்க! ஏனுங்க!"ன்னு கத்துறது கேக்குது. எப்படி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்னு இன்னிக்கும் ஞாபகம் இல்லை. வண்டி சோளத்தட்டுப் போர்ல முட்டி நின்னுது. பிள்ளைக்கும் அதுக்கும் நடுவுல நாலு அடிதான்.

மருமகன் முகம் வெளுத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்து பார்த்துட்டு, "ஏனுங்ணா, பெடலைப் பம்ப் பண்ணுனீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். உள்ள தள்ளின பிஸ்டன் அங்கயேதான் நிக்கும். முதல்ல நாலஞ்சு தரம் மிதிச்சாத்தான் ஆயில் அதை வெளிய தள்ளிப் பேடோட சேர்க்கும். பெடல் கட்டியா நிக்கிற வரைக்கும் வண்டியை ஒரு இஞ்சு நகர்த்தக் கூடாதாம். அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அதுல அந்த ஆளும் மிதிக்கத்தான் செய்யறார். வாயால சொல்லலை, அஞ்சு நொடியில போயிருது. தெரிஞ்சவனுக்கு அது பழக்கம், அதனால சொல்லணும்னே தோணாது. தெரியாதவனுக்கு அதைப் பார்க்கணும்னே தோணாது.

ஃபுட் வால்வை நான் தப்பா மாட்டினா மோட்டார் தண்ணி எடுக்காது. அரை நாள் போகும், நஷ்டம் என்னோடது. பிரேக்ல நான் பண்ற தப்புக்கு ரோட்டுல போற யாரோ ஒருத்தர் அடிபடுவார். ரெண்டையும் ஒரே தராசுல வெச்சு, "எல்லாம் கைவேலைதானே"ங்கிறவங்களோட எனக்கு ஒத்து வராது. கூலி மிச்சம்னு சொல்றதும் சரியில்லை. அந்தத் தம்பி வாங்குறது 400 ரூபாய். அதையே கொடுத்து, "நீங்க பக்கத்துல நில்லுங்க, நான் செய்யறேன்"னு கேட்டுப் பாருங்க. முறைக்கிறவங்களும் உண்டு, இவர் சிரிச்சுக்கிட்டே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டார். அன்னிக்கு ரெண்டு சக்கரத்தையும் திரும்பக் கழட்டி, அவர் கண்ணு முன்னால நானே மாட்டினேன். ஒரு பக்கம் பின்னைச் சரியா முறுக்காம விட்டிருந்தேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அடுத்த பேடை நான் தனியா மாத்துவேன். பின் சக்கரத்து டிரம் பிரேக் வேற கதை, உள்ள ஸ்பிரிங்கு கிடந்து மல்லுக்கட்டுது. அதுக்கு அந்தத் தம்பியை ஆடி மாசம் வரச் சொல்லியிருக்கேன். ஸ்டூலும் எடுத்து வெச்சாச்சு.