சுழியோடியின் முதுகில் இருக்கும் காற்று

மலையகச் செய்திகளில் வருடந்தோறும் மாறாமல் வரும் வாக்கியம் ஒன்றுண்டு. நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் கடற்படைச் சுழியோடிகள் ஈடுபடுத்தப்பட்டுள்ளனர் என்பதே அது. நானும் அதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை என்று நீர்த்தேக்கங்களால் சூழப்பட்ட மக்கள், பிள்ளையின் உடலுக்காகக் கரையில் அமர்ந்து கடலோரத்திலிருந்து வரும் வாகனத்தை எதிர்பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதைகளைத் துண்டித்தபோது இந்த ஏற்பாட்டின் இலட்சணம் நன்றாகவே தெரிந்தது.

மலையகத்துக்கென ஒரு சுழியோடிக் குழுவும், சிலிண்டர் நிரப்பும் சிறிய கொம்பிரசரும் வேண்டும் என்றால், "கீழே நிரப்பிக் கொண்டுவந்தால் போயிற்று" என்கிறார்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2,400 லீற்றர் காற்று இருக்கும். பத்து மீற்றர் ஆழத்தில், கலங்கிய குளிர்நீரில் தடவித் தேடுகிறவருக்கு, அவசர இருப்பைக் கழித்தால், அது முக்கால் மணி நேரம் தாங்குவதே அரிது. கொண்டுவந்த நான்கைந்து சிலிண்டர்களும் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். பிறகு என்ன செய்வது?

இன்னொரு கூட்டம் எந்தக் கொம்பிரசரும் போதும் என்கிறது. இவர்கள்தான் ஆபத்தானவர்கள். டயர் கடை இயந்திரம் தருவது எட்டு, பத்து பார். சரி, எயார் துப்பாக்கிக்கு நிரப்பும் மலிவான சிறு இயந்திரம் 300 பாரும் தருமே என்பார்கள். தரும், ஆனால் மனிதன் சுவாசிக்கும் காற்றைத் தராது. சுவாசக் காற்றுக்கு ஈரத்தையும் எண்ணெய் ஆவியையும் பிடிக்கும் மூலக்கூற்றுச் சல்லடையும் உயிர்ப்பூட்டிய கரியும் கொண்ட வடிகட்டி வேண்டும். அதற்குரிய எண்ணெய் வேண்டும். வாகன எண்ணெயை ஊற்றினால் சூடேறிய உருளைக்குள் அது கருகி, காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் போய்ச் சேரும். அதற்கு மணமில்லை. ஐரோப்பியத் தரம் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு வரையே அதை அனுமதிக்கிறது. மேலே தலைவலி தரும் அளவு, ஆழத்தின் அழுத்தத்தில் மயக்கத்தைத் தரும்.

ஆகவே நிமிடத்துக்கு 100 லீற்றர் தரும், மின்மோட்டாரில் ஓடும் இயந்திரமே என் தெரிவு. பெற்றோல் இயந்திரம் தன் புகையைத் தானே உறிஞ்சக்கூடும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை, அதன் புகையை உறிஞ்சு குழாயிலிருந்து காற்று அப்பால் கொண்டுசெல்லும் பக்கத்தில் தொலைவில் வைக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையின் விறகடுப்புப் புகை படியும் இடத்தில் உறிஞ்சு குழாயை வைக்கவே கூடாது. கொட்டகலையில் இது சிறிய நிபந்தனை அல்ல! கடல்மட்டத்தில் 24 நிமிடத்தில் நிரம்பும் சிலிண்டருக்கு, 1,200 மீற்றருக்கு மேலுள்ள எங்கள் ஊரில் காற்று ஐதாக இருப்பதால் ஏறக்குறைய 28 நிமிடம் எடுக்கும். மூடுபனி நாளில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தேங்கிய நீரைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் வடிகட்டி நனைந்து பயனற்றுப் போகும்.

உயரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்மட்டத்துக்கு வகுத்த சுழியோடி அட்டவணைகளை 300 மீற்றருக்கு மேல் அப்படியே பயன்படுத்த முடியாது. காலையில் கடலில் மூழ்கியவர் மாலையில் மலையேறினால், உடலில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழாகும் அபாயமும் இருக்கிறது. இங்கேயே தங்கி, இங்கேயே பயின்ற குழு வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

செலவைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு சொல். 300 பார் வரை நிரப்பும் சுவாசக் காற்றுக் கொம்பிரசர், புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரரின் சிலிண்டரையும் நிரப்பும். லயன்கள் வரிசையாக எரியும் நாட்டில் இதை வீண்செலவு என்பவர்கள் எரிந்த லயனைப் பார்த்ததில்லை போலும்.

கேள்விப்பத்திரத்தில் ஆகக் குறைந்த விலைக்கு ஒன்றை வாங்கி, நாடா வெட்டி, படம் பிடித்துவிட்டுத் துருப்பிடிக்க விடுவதானால் வாங்கவே வேண்டாம். ஓடிய மணித்தியாலங்களைக் குறிக்கும் புத்தகம், அதற்குப் பொறுப்பான பயிற்சி பெற்ற ஒருவர், காற்றுப் பரிசோதனை, மாற்று வடிகட்டிகள் ஆகியவற்றுக்கு வருடாந்த ஒதுக்கீடு வேண்டும். கொட்டகலைப் பிரதேச சபையும் ஹட்டன்-டிக்கோயா நகரசபையும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதை எந்தத் தலைப்பின் கீழ் சேர்க்கப்போகின்றன?