நீங்கள் எந்தச் சபை?

நாகர்கோவிலிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்திருந்த இளைஞன் ஒருவன், துக்க வீடொன்றில் என் அருகே அமர்ந்திருந்தான். ஊர்ப் பேச்சு ஓய்ந்ததும், "ஐயா, ஞாயிற்றுக்கிழமை இங்கே நான் எந்தக் கோயிலுக்குப் போவது?" என்று வினவினான். கேட்கத்தக்க வினாதான், கேட்ட இடந்தான் பொல்லாத இடம். எங்களைச் சுற்றிக் கிறித்தவத் தமிழர் ஐவர் அமர்ந்திருந்தனர்.

முதலாமவர், பேதுருவின் வழிவந்த திருச்சபை உலகில் ஒன்றே. மற்றவையெல்லாம் நேற்று முளைத்தவை என்றார். அடுத்தவர், அது சிலை வணக்கக் கூடம், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்றார். மூன்றாமவர் இளைஞனின் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, குழந்தையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, அடுத்த மாதம் எங்கள் சபையில் முழுக்கு இருக்கிறது" என்றார். நான்காமவர், தமிழ் ஆராதனைக்குப் போனால் முன்னேற மாட்டாய், எங்கள் ஆங்கில சபைக்கு வா. குளிரூட்டிய மண்டபம், நல்ல இசைக்குழு, பெரிய பெரிய அதிகாரிகளின் பழக்கம் கிடைக்கும் என்றார். ஐந்தாமவர் சற்றே குரலைத் தாழ்த்தி, "எங்கள் கோயிலில் நம் ஆட்கள்தாம் மிகுதி" என்றார். பெட்டியில் கிடந்த பெரியவர் ஒருவரே இந்த வாதத்தில் கலந்துகொள்ளவில்லை.

இளைஞன் விழித்தான். "நீ ஆங்கிலிக்கனா, மெதடிஸ்டா?" என்று அவனைக் கேட்டார்கள். "நான் சி.எஸ்.ஐ." என்றான். அவர்களுள் ஒருவருக்கேனும் அதன் பொருள் விளங்கியதாகத் தெரியவில்லை. இவ்வளவு உறுதியாகப் பேசும் நம்மவர், தாம் பேசும் பொருளைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருக்கின்றனர் என்பதை அன்று கண்டேன். அந்தச் சினந்தான் இக்கட்டுரை.

முதலில் பரம்பரைப் பெருமைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உம்முடைய கொள்ளுப்பாட்டனார் லூத்தரின் நூல்களைக் கற்றுத் தேர்ந்தா லூத்தரன் ஆனார்? வெஸ்லியின் போதனையையும் கால்வினின் போதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தா மெதடிஸ்ட் ஆனார்? 1706இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். ஆகவே அப்பகுதியில் கிறித்தவரானோர் லூத்தரன்கள். 1806இல் இரிங்கல்தௌபே என்னும் செருமானியர் திருவிதாங்கூரின் தென்கோடிக்கு வந்து மயிலாடியில் பணியாற்றினார். அவரை அனுப்பியதோ இலண்டன் மிஷன் சங்கம். ஆகவே நாகர்கோவில் வட்டாரத்தார் இலண்டன் மிஷன்காரர். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், மதுரையில் அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணத்தில் அமெரிக்கரும் வெஸ்லியன்களும் ஆங்கிலிக்கன்களும் பக்கம் பக்கமாக. பிற்காலத்தில் இம்மிஷன்கள் தமக்குள் எல்லைகூட வகுத்துக்கொண்டன. ஒருவர் வயலில் மற்றவர் விதைப்பதில்லை என்று உடன்பட்டன. வயலைக் கேட்டா வரப்புப் போட்டார்கள்? ஆற்றுக்கு இக்கரையில் பிறந்திருந்தால் ஒரு சபை, அக்கரையில் பிறந்திருந்தால் வேறு சபை. அந்தத் தற்செயலை வேத சத்தியம் என்று மார்தட்டிக்கொள்கிறோம்.

இக்கரைக்கு வந்தபின் கதை இன்னும் வேடிக்கையானது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்டுகள் பிரிட்டிஷ் வெஸ்லியன் வழியினர். 1885இல் சிங்கப்பூரில் ஓல்டாம் தொடங்கிய மெதடிஸ்ட் பணியோ அமெரிக்க எபிஸ்கோப்பல் வழியது. ஒரே பெயர்ப்பலகை, ஆனால் இரு வீட்டுப் பிள்ளைகள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணி வேலைக்கு வந்த நம் முன்னோர் இதைப் பொருட்படுத்தினரா? இல்லை. தமிழில் பாட்டுக் கேட்டது. உள்ளே சென்று அமர்ந்தனர். அந்தப் பெருந்தன்மையைப் பேரர்கள் எங்கே தொலைத்தனர்?

கொள்கை வேற்றுமையே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. நற்கருணையில் நிகழ்வது என்ன, ஆயருக்குரிய அதிகாரம் எங்கிருந்து வருகிறது, குழந்தைக்குத் திருமுழுக்குத் தரலாமா என்பனவெல்லாம் மெய்யான வினாக்கள். அவற்றிற்காகப் பதினாறாம் நூற்றாண்டில் மனிதர் எரியுண்டனர். அவற்றைக் கற்று, எண்ணி, மனச்சான்றுக்கு அஞ்சி ஒருவர் சபை மாறுவாராயின் அவர் முன் நான் தலைவணங்குவேன். ஆனால் துக்க வீட்டில் பேசியவர்கள் அத்தகையோர் அல்லர். அவர்கள் 1517ஆம் ஆண்டுச் சண்டையை, உடன்பாட்டுச் செய்தி வந்து சேராத காவற்காரனைப் போல இன்னும் நடத்திக்கொண்டிருக்கின்றனர். அந்தச் சண்டையின் நெஞ்சாக இருந்த வினா, மனிதன் இறைவன் முன் நீதிமானாவது எங்ஙனம் என்பது. அதன் அடிப்படை உண்மைகளில் தாம் ஒன்றுபடுவதாகக் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதில் சேர்ந்துகொண்டது. இதைப் பற்றி நம் தமிழ்ப் பிரசங்க மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இனி, அந்த இளைஞன் சொன்ன மூன்றெழுத்துக்கு வருவோம். 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் சில இந்தியப் போதகர்கள் கூடினர். அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அயல்நாட்டார் தம் நாட்டு வரலாற்றினால் பெற்ற பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அக்கூட்டத்தின் வினா. அதற்கு விடை காண இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இலண்டன் மிஷன்காரர் 1908இலேயே ஐக்கிய சபைக்குள் வந்துவிட்டனர். அசரியா அந்த நாளைக் காணவில்லை. 1945 சனவரி முதல் நாளே மறைந்தார்.

இருபத்தெட்டு ஆண்டு உழைப்பில் கட்டிய அந்த ஒற்றுமையை, நாகர்கோவில் பிள்ளை விமானத்தில் நான்கு மணி நேரம் பறந்து வந்தவுடன் நாம் மீண்டும் மூன்றாகக் கிழித்து, "இதில் நீ எந்தத் துண்டு?" என்று கேட்கிறோம். அவன் விழிக்காமல் என்ன செய்வான்?

இங்கு ஒற்றுமைக்கு வழியே இல்லையா என்றால், வழி நம் கண் முன்னேதான் கிடக்கிறது. சப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த திருச்சபைத் தலைவர்கள், வெளியே வந்தால் போதகர்களைச் சேர்ந்தே பயிற்றுவிப்போம் என்று அங்கேயே எண்ணினர். அந்த எண்ணம் 1948இல் சிங்கப்பூர் டிரினிட்டி இறையியல் கல்லூரியாக உருப்பெற்றது. 1979இல் மலேசிய இறையியற் கல்லூரியும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகளின் கூட்டு முயற்சியாகவே தொடங்கியது. ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே சோற்றைத் தின்று படித்த போதகர்கள் பட்டம் வாங்கியபின் மூன்று வாசல்களில் போய் நிற்கின்றனர். மக்களோ ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை.

ஐந்தாமவர் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் மறக்கவில்லை. "நம் ஆட்கள்" என்பதற்குப் பொருள் என்ன? மிஷன் எல்லைகள் ஊர்களின் மேல் விழுந்தன. ஊர்களில் சாதிகள் கொத்துக் கொத்தாக வாழ்ந்தன. ஆகவே "நீங்கள் எந்தச் சபை?" என்னும் மரியாதையான வினா, பல சமயங்களில், "நீங்கள் என்ன சாதி?" என்னும் மரியாதையற்ற வினாவின் வெள்ளை அங்கி. பெண் பார்க்க வருவோர் இதைக் கேட்கும் விதமே தனி. முதலில் சபை, பிறகு சொந்த ஊர், பிறகு தாத்தாவின் தொழில். மூன்றாம் வினாவில் கணக்கு முடிந்துவிடும். வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிபட்டது. அதன் செங்கல் ஒவ்வொன்றும் கப்பலேறி இங்கு வந்து, நம் திருமணப் பேச்சுகளுக்குள் மறுபடியும் கட்டப்பட்டுவிட்டதோ என்று ஐயுறுகிறேன். சாதிக்காகச் சபை பார்க்கிறவர் நேராகச் சாதியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகட்டும். இடையில் வேதத்தை இழுக்க வேண்டா.

நான்காமவரைப் பற்றி எழுத எனக்குச் சற்றுத் தயக்கம். என் மக்களே ஆங்கில ஆராதனைக்குச் செல்கின்றனர். இளைஞரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் விட்டுச் செல்லும் தமிழ்ச் சபையில் என்ன இருந்தது? பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க ஆளில்லை. பிரசங்கத்தில் பாதி, பிற சபையாரைப் பழித்தல். கேள்வி கேட்ட பிள்ளைக்கு, "வாயை மூடு" என்னும் விடை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் கிருஷ்ண பிள்ளையும் எத்தனை அழகாகப் பாடிய மொழி இது! கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பப்ரீசியஸ் பராபரன் என்றார். பின்வந்தோர் தேவன் என்றனர். 1995இல் கத்தோலிக்கரும் ஏனையோரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்றது. ஒரு சொல்லுக்காக மூன்று நூற்றாண்டு மல்லுக்கு நின்ற தமிழ், இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் உயிர்வாழ இடம் தேடுகிறது. இளைஞர் குளிர்மண்டபத்துக்காகவே போய்விட்டனர் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா. ஆயினும் அவர்களிடமும் ஒன்று சொல்வேன்: அதிகாரிகளின் பழக்கத்துக்காகக் கோயிலுக்குப் போவதாயின், அதற்குக் கோயில் தேவையில்லை, மன்றங்கள் பல உள்ளன.

மூன்றாமவரிடம் மட்டும் எனக்குச் சொந்த வழக்கு உண்டு.

என் சின்னம்மா பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். லயத்துக் கடைசியில் இருந்த பலகைக் கொட்டகைதான் கோயில். லூத்தரன் உபதேசியார் மாதம் ஒருமுறை வருவார். மற்றொரு ஞாயிறு அதே கொட்டகையில் கத்தோலிக்கர் செபமாலை சொல்வர். ஒரே விளக்கு, ஒரே பாய். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபின் சின்னம்மா பட்டணத்து மலிவு வீட்டில் தனியே கிடந்தார். பழைய சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. புதிய சபையொன்றின் பெண்கள் வந்தனர். கஞ்சி வைத்துக் கொடுத்தனர், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அதற்காக அவர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். பிறகு எழுபத்து நான்கு வயதில் அவரை மீண்டும் முழுக்குப் பெறச் சொன்னார்கள். "எனக்கு உபதேசியார் ஏற்கெனவே கொடுத்தாரே, ஐயா" என்று அவர் அழுதார். அப்படியானால் இதுநாள் வரை அவர் செய்த செபமெல்லாம் யாரிடம் போயிற்று? அந்தக் கேள்வியோடுதான் அவர் கண்ணை மூடினார்.

அடக்கம் செய்யப் பழைய சபையாரிடம் போனோம். பல ஆண்டுகளாகச் சந்தா கட்டாததால் பெயர் ஏட்டில் இல்லை என்றனர். புதிய சபையாரிடம் போனோம். முழுக்குப் பெறாதவர் தம் அங்கத்தினர் அல்லர் என்றனர். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை பெட்டி கூடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வந்து, பாதிரியார் எப்பொழுது வருவார் என்று கேட்டுக் கேட்டுப் போனார். இறுதியில், இரண்டு சபைக்கும் தொடர்பில்லாத மூன்றாவது சபைப் போதகர் ஒருவர், யாரோ சொல்லக் கேட்டு, மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

அதனால், அந்த நாகர்கோவில் இளைஞனுக்கு நான் தந்த விடை இது. உன் விடுதிக்கு அருகில், உனக்கு விளங்கும் மொழியில் ஆராதனை நடக்கும் கோயிலுக்குப் போ. மூன்று ஞாயிறு வாய் திறக்காமல் அமர்ந்து பார். உன்னைப் போன்ற தொழிலாளி நோயுற்றுக் கிடந்தால் விடுதிக்கு வருவோர் யார் என்று கேள். காணிக்கைக் கணக்கை ஆண்டுக்கொருமுறை எல்லார் முன்னும் படிக்கின்றனரா என்று கேள். உன் ஊரை விசாரித்தபின் முகம் மாறுகிறவர் யார் என்று கவனி. மறுமுழுக்கு என்றால் எழுந்து வந்துவிடு. இவற்றில் தேறிய கோயில் உன் தாத்தாவின் சபையைச் சேர்ந்ததாக இல்லாவிடினும் கவலைப்படாதே. உன் தாத்தாவின் சபையே 1908இலும் 1947இலும் இருமுறை பெயர் மாறியது.

இளைஞன் போகும் இடத்தைத் தானே கண்டுகொள்வான். என் கோரிக்கை சபைகளை நடத்துவோரிடம். ஏட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சந்தா கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், எந்தச் சபையில் முழுக்குப் பெற்றிருந்தாலும், தம் வட்டாரத்தில் இறக்கும் கிறித்தவத் தமிழர் எவரையும் அன்றைக்கே அடக்கம் செய்து வைப்போம் என்று எல்லாத் தமிழ்ச் சபைகளும் கூடி ஓர் உடன்படிக்கை எழுதட்டும். அதற்கு இறையியல் மாநாடு தேவையில்லை. பத்து வரித் தாள் ஒன்று போதும். என் சபையின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை நானே முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.