நெப்ராஸ்காவை யார் பாடுவது?

புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்றை முதற்பாடல் தொடக்கம் இறுதிப்பாடல் வரை, வரிசை மாறாமல், வேறு பாடகர்களைக் கொண்டு மீளப் பாடுவித்து அதற்குச் ‘சமர்ப்பணம்’ என்று பெயர் சூட்டி வெளியிடும் வழக்கம் றொக் இசையுலகில் நெடுநாளாக உண்டு. 1988 இல் பிரித்தானியாவின் ‘என்.எம்.ஈ’ சஞ்சிகை பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ற் பெப்பர்’ தொகுப்பை அவ்வாறு வெளியிட்டது. 2007 இல் றேடியோஹெட் குழுவின் ‘ஓகே கொம்பியூட்டர்’ வெளியாகிப் பத்தாண்டு நிறைந்தபோது, ‘ஸ்டீரியோகம்’ இணையத்தளம் சுயாதீன இசைக்கலைஞர்களைக் கொண்டு அதே காரியத்தைச் செய்தது. இத்தகைய தொகுப்புகளுட் பல ஒருமுறை கேட்டுவிட்டு அலுமாரியில் வைக்கத்தக்கவை என்பதே எனது அபிப்பிராயம். மூலத்தைப் பிசகாமல் பாடினால் மூலத்தையே கேட்டுவிட்டுப் போகலாம். முற்றாக மாற்றிப் பாடினாலோ அது பாடகரின் கெட்டித்தனத்தைக் காட்டும் காட்சியாகி விடுகிறது.

சமர்ப்பணம் என்பது மூலகர்த்தாவின் ஆசியுடன்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின்படி, ஒருமுறை விற்பனைக்கு வந்துவிட்ட பாடலை, மெட்டின் அடிப்படைத் தன்மையைச் சிதைக்காத வரையில், எவரும் மீளப் பதிவு செய்யலாம். 1909 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வருகின்ற ஏற்பாடு இது. செலுத்த வேண்டிய தொகையும் சட்டத்திலேயே நிர்ணயிக்கப்படுகிறது. 2000 ஆம் ஆண்டில் அது, ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாடலொன்றுக்கு, பிரதியொன்றுக்கு 7.55 சதம். எட்டுச் சதத்துக்கும் குறைவான செலவில் எவரும் எவருக்கும் வணக்கம் செலுத்திவிடலாம் என்பது கருத்து.

அந்த 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாட்லண்ட்ஸ்’ என்னும் தொகுப்பையே நான் விதிவிலக்காகக் கருதுகிறேன். புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் ‘நெப்ராஸ்கா’ தொகுப்பிலுள்ள பத்துப் பாடல்களையும் வெவ்வேறு கலைஞர்கள் பாட, ஜிம் சம்பாஸ் தயாரித்தது அது. வெளியிட்டது சியாற்றில் நகரின் ‘சப் பொப்’ நிறுவனம். நிர்வாணா குழுவின் முதல் இசைத்தட்டை 1989 இல் வெளியிட்ட அதே சுயாதீன நிறுவனந்தான். பாடியவர்கள் அனைவரும் சுயாதீனக் கலைஞர்கள் அல்லர். ஆனால் தமக்கென்று சொந்த நிறுவனம் வைத்திருந்த அனி டிஃப்ராங்கோ, பெரிய நிறுவனங்களுடன் முரண்பட்டு வெளியேறிய ஏமி மான், குறூக்ட் ஃபிங்கர்ஸ், சன் வோல்ற் முதலியோரின் போக்குத்தான் அத்தொகுப்பின் போக்கு.

‘நெப்ராஸ்கா’ பிறந்த வரலாற்றைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. நியூ ஜேர்சி மாநிலத்தின் கோல்ற்ஸ் நெக் என்னுமிடத்தில், வாடகை வீடொன்றின் படுக்கையறையில், ‘ரியாக்’ நிறுவனத்தின் நான்கு தடக் கசெற் பதிவுக்கருவி ஒன்றில், ஒரு கிற்றாரும் ஊதிசைக் கருவியுமாகத் தனியொருவராக அவர் பாடிப் பதிவு செய்தவை இப்பாடல்கள். பெரும்பாலானவை 1982 ஜனவரி 3 ஆம் திகதி பதிவானவை. இசைக்குழுவினருக்குப் பாடிக் காட்டுவதற்கான மாதிரி என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி அவர் எண்ணியிருக்கவில்லை. அந்தக் கசெற்றை உறைகூட இல்லாமல் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார். பின்னர் நியூ யோர்க்கின் ‘பவர் ஸ்ரேசன்’ கலையகத்தில் ‘ஈ ஸ்றீற்’ குழுவினர் அனைவரும் கூடி வாசித்துப் பார்த்தனர். திருப்தி ஏற்படவில்லை. முடிவில் அந்தக் கசெற்றே, அதன் இரைச்சலோடும் மங்கலோடும், இசைத்தட்டாக்கப்பட்டு 1982 செப்டெம்பர் 30 ஆம் திகதி விற்பனைக்கு வந்தது.

பாடல்களை எழுதியவரும், அவருடன் பல்லாண்டு வாசித்துப் பழகியவர்களுமே செய்ய இயலாத ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளின் பின் வந்தவர்கள் எப்படிச் செய்வது? இந்தத் தொகுப்புக்கு எதிரே இருந்த உண்மையான கேள்வி இதுவே.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இப்பாடல்களை நான் எப்போதும் வாக்குமூலங்களாகவே கேட்டு வந்திருக்கிறேன். ‘ஜோனி 99’ பாடலில் வருபவன் மாவா நகரின் வாகனத் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்து, குடித்து, கொலை செய்து, நீதிபதியின் முன் நிற்பவன். அந்நகரிலிருந்த ஃபோர்ட் தொழிற்சாலை 1980 இல் மெய்யாகவே மூடப்பட்டது. தொகுப்பு வெளியான 1982 இன் இறுதியில் அமெரிக்காவின் வேலையற்றோர் விகிதம் 10.8 ஆக இருந்தது. தலைப்புப் பாடலோ, 1958 ஜனவரியில் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் நிகழ்ந்த தொடர்கொலைகளைக் கொலையாளி சார்ள்ஸ் ஸ்ராக்வெதரின் வாயினாலேயே சொல்வது. ரெறன்ஸ் மாலிக்கின் ‘பாட்லண்ட்ஸ்’ (1973) திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஸ்பிறிங்ஸ்ரீன், அவ்வழக்கைப் பற்றி நூலெழுதியவர்களுள் ஒருவரான ஒமாஹா நகரத் தொலைக்காட்சிச் செய்தியாளர் நினெற் பீவரைத் தொலைபேசியில் அழைத்து விபரம் கேட்டார். பாடல் எழுதுவதற்காகச் செய்தியாளரைத் தேடிப் பேசும் பாடகர்கள் எத்தனை பேர்? அதற்காகவே அவர்மீது எனக்கு ஒரு தனி மதிப்பு.

மூலத்தில் பத்து வாக்குமூலங்களும் ஒரே ஆணின் குரலில் வருகின்றன. ‘பாட்லண்ட்ஸ்’ தொகுப்பிலோ பத்தில் ஐந்து பாடல்களில் பெண்குரல் ஒலிக்கிறது. தயாரிப்பாளர் இதைத் திட்டமிட்டாரோ இல்லையோ, தொகுப்பு வெற்றி பெறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தலைப்புப் பாடலைப் பாடுபவர் பிறிற்றெண்டர்ஸ் குழுவின் கிறிஸ்ஸி ஹைண்ட். உடன் வாசிப்பவர் அக்குழுவின் ஆடம் சீமோர். (ரயர்த் தொழிலுக்குப் பேர்போன அக்றன் நகரில் பிறந்த ஹைண்ட், தம் ஊர் அடையாளமிழந்து போனதைப் பற்றித் தாமே ஒரு பாடல் எழுதி வெளியிட்டதும் 1982 இல்தான்.) ஸ்ராக்வெதருடன் பயணித்த கேரில் ஆன் ஃபியூகேற்றுக்கு அப்போது வயது பதினான்கு. அவன் 1959 ஜூன் 25 ஆம் திகதி மின்சாரக் கதிரையில் மரண தண்டனைக்கு உள்ளானான். அவளுக்கு ஆயுட்காலச் சிறை. 1976 இல் நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டாள். தான் உடந்தையல்ல, பணயக் கைதி என்றே அவள் தொடர்ந்து கூறி வந்தாள். பாடலிலே கொலையாளி தன் இறுதி வேளையிலும் அவளைத் தன் மடியில் இருத்துமாறு கேட்கிறான். அவளுக்கோ பாடலில் ஒரு சொல்கூட இல்லை. அதே வரிகளை ஒரு பெண், ஒரு சொல்லும் மாற்றாமல் பாடும்போது என்ன நேர்கிறது? கொலையாளியின் கூற்றை எதிர்த்தரப்புச் சாட்சி வாசித்துக் காட்டுவது போல ஆகிவிடுகிறது. நாம் அதுவரை பேசியவனையே கவனித்துக்கொண்டிருந்தோம். இப்போது பேசாதிருந்தவள் நினைவுக்கு வருகிறாள்.

‘ஸ்ரேற் றூப்பர்’ இன்னும் கூர்மையானது. அனுமதிப்பத்திரமோ வாகனப் பதிவோ இல்லாமல் இரவில் நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் தனியே செல்லும் ஒருவன், பொலிஸ்காரர் தன்னை மறிக்கக் கூடாதே என்று மன்றாடுவது அது. மூலத்தைக் கேட்கும்போது நமக்குப் பொலிஸ்காரரை நினைத்தே அச்சம் எழுகிறது. இவன் என்ன செய்வானோ என்ற அச்சம். பாட்லண்ட்ஸில் அதைப் பாடியவர் டீனா காட்டர். நாஷ்வில்லின் வெகுசனப் பாடகி, சுயாதீன இசைக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆயினும் தனிவழியில், நள்ளிரவில், ஒரு பெண் அதே மன்றாட்டத்தைச் சொல்லும்போது அச்சம் முழுவதும் திசைமாறி விடுகிறது. மெட்டையோ சொல்லையோ குலைத்து இதைச் சாதிக்கவில்லை. பேசுபவர் மாறினார், அவ்வளவே.

டார் வில்லியம்ஸ் பாடிய ‘ஹைவே பற்றோல்மன்’ பாடலில் ஜோ என்னும் பொலிஸ்காரன் குற்றமிழைத்த தம்பியைக் கனடா எல்லைவரை துரத்திச் சென்று தப்ப விடுகிறான். பெண்குரலில் அது அந்தக் குடும்பத்தின் நெடுநாளைய துயரமாகக் கேட்கிறது. பழைய கார் வாங்கப் போகும் தந்தையின் அவமானத்தைப் பிள்ளையின் கண்ணால் காணும் ‘யூஸ்ட் கார்ஸ்’ பாடலில், டிஃப்ராங்கோவைக் கேட்கையில் அப்பிள்ளை மகளாகி விடுகிறாள்.

ஏனையவை ஒரே தரத்தன அல்ல. ஹாங்க் வில்லியம்ஸின் பேரன் பாடிய ‘அற்லான்ரிக் சிற்றி’, லொஸ் லோபொஸ் குழுவினரின் ‘ஜோனி 99’ ஆகியன கேட்க இனிமையானவை. ஆனால் குழுவாகச் சேர்ந்து வாசிக்கும்போது பாடலிலுள்ள மனிதனுக்குத் துணை கிடைத்து விடுகிறது. துணையிருந்தால் அவன் அந்தக் குற்றத்துக்குப் போயிருக்க மாட்டான்! குறூக்ட் ஃபிங்கர்ஸின் ‘மான்சன் ஒன் த ஹில்’ மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அருகில் நிற்பதாலேயே அதிகம் சொல்ல எதுவுமில்லை.

ஆண்களால் இயலாது என்று நான் சொல்ல வரவில்லை. பத்துப் பாடல்களின் பின் மேலதிகமாகச் சேர்க்கப்பட்ட மூன்றனுள் ஒன்று ஜோனி காஷ் பாடிய ‘ஐம் ஒன் ஃபயர்’. நெப்ராஸ்காவின் இரு பாடல்களை 1983 இலேயே பாடி, அவற்றுள் ஒன்றின் பெயரைத் தம் தொகுப்புக்கும் சூட்டியவர் அவர். இம்முறை, அறுபது வயது கடந்து நோயுற்றிருந்த நிலையில், இளைஞன் ஒருவனின் இச்சையைப் பாடுகிறார். மூலத்தில் அது அழைப்பு; இங்கே அது நினைவு. இதுவும் பேசுபவர் மாறியதன் விளைவே.

2025 ஒக்டோபரில், அந்தக் குழுவினருடன் 1982 இல் வாசித்து ஒதுக்கி வைத்த பதிவுகளையும் ஸ்பிறிங்ஸ்ரீன் ‘நெப்ராஸ்கா ’82’ என்ற விரிவான பதிப்பில் வெளியிட்டார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் இரசிகர்கள் தேடிய பொருள் அது. கேட்டுப் பார்த்தேன். வாசிப்பில் குறையில்லை, முழக்கமும் உண்டு. ஆனால் முதல் இரண்டு பாடல்கள் முடிவதற்குள் அவர் ஏன் கசெற்றுக்குத் திரும்பினார் என்பது விளங்கி விடுகிறது. அதே ஆள்தான் அங்கும் பேசுகிறார், சத்தம் மாத்திரம் கூடியிருக்கிறது. வாங்கியவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். நான் அன்றிரவு மீண்டும் போட்டுக் கேட்டது டீனா காட்டரின் அந்த ஒரு பாடலை.