கணனியின் அலுமாரியையும் திறந்து பாருங்கள்



மாதச் சாமான் வாங்கப் போகுமுன் நாம் என்ன செய்கிறோம்? குசினி அலுமாரியைத் திறந்து, எது இருக்கிறது, எது தீர்ந்தது, எது பழுதாகிவிட்டது என்று பார்த்து ஒரு துண்டில் எழுதுகிறோம். சந்தேகம் வந்தால் போத்தலைத் திறந்து மணந்தும் பார்க்கிறோம். ஆனால், பிள்ளைகள் பாடம் படிப்பதும், கட்டாரில் இருக்கும் வாப்பாவோடு முகம் பார்த்துப் பேசுவதும், குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பதும் எந்தக் கணனியிலோ, அதை இப்படித் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்து வீடுகளுக்குக் கணனி எப்போதும் புதிதாகவே வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டு வந்திருப்பார், அல்லது பழையதாக விலைக்கு வாங்கியிருப்போம். முன்பு பாவித்தவர் அதில் எதை நிறுவி வைத்தார் என்பது நமக்குத் தெரியாது. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற மென்பொருள்கள், தூரத்தில் இருப்பவர் நம் கணனியின் திரையைப் பார்க்கவும் அதை இயக்கவும் வழி செய்பவை. பழுது பார்ப்பவருக்கு அவை நல்ல துணை. ஆனால், நாம் அறியாமல் அப்படியொன்று நம் வீட்டுக் கணனியில் கிடந்தால்? முகப்புத் திரையில் அதன் சின்னம் இல்லை என்பதால், உள்ளேயும் அது இல்லை என்று ஆகிவிடாது.

காகித ஆலைக் களஞ்சியத்தில் வரும் சாமானையும் போகும் சாமானையும் ஒரு பேரேட்டில் பதிவார்கள் அல்லவா? கணனியும் தனக்குள் வந்த மென்பொருள் பொதிகளுக்கு அப்படியொரு பதிவேடு வைத்திருக்கிறது. அதை வாசித்துக் காட்டும்படி எழுத்தால் கேட்கும் இடத்துக்குத்தான் கட்டளை வரி என்று பெயர். கறுப்புத் திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். கீழே சொல்லும் கட்டளைகள் பட்டியலைக் காட்டுமே தவிர, எதையும் அழிக்காது.

உங்கள் கணனியில் இருப்பது உபுண்டு லினக்ஸ் என்றால், கண்ட்ரோல், ஆல்ட், டீ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் திரையில் டீ, பீ, கே, ஜீ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் சேர்த்து அடியுங்கள். ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி எல் எழுத்தும் அடித்து, என்டரை அழுத்துங்கள். பெயர், பதிப்பு எண், சிறு விளக்கம் என்று நீண்ட பட்டியல் வரும். அம்புக்குறிகளால் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். வெளியே வரக் கியூ எழுத்தை அழுத்துங்கள்.

வரியின் தொடக்கத்தில் ஐ எழுத்து இரண்டு முறை இருந்தால், அந்தப் பொதி ஒழுங்காக நிறுவப்பட்டிருக்கிறது. ஆர், சி என்று இருந்தால், பொதி நீக்கப்பட்டுவிட்டது. அதன் அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கண்டு திகைக்காதீர்கள். எல், ஐ, பி என்று தொடங்குபவை பெரும்பாலும் மற்றப் பொதிகளுக்குத் துணையாக வந்தவை. கலியாண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் குடும்பமே வருவதில்லையா, அதுபோல!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்னாப் என்ற வழியில் வந்தவை இந்தப் பட்டியலில் சேராது. ஸ்னாப் என்று அடித்து, இடம் விட்டு, லிஸ்ட் என்று அடித்தால் அவை தனியாக வரும்.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ளவர்கள் விண்டோஸ் விசையை அழுத்தி, சி, எம், டீ என்று அடித்து என்டர் கொடுங்கள். திறக்கும் திரையில் வின்கெட் என்று அடித்து, இடம் விட்டு, லிஸ்ட் என்று அடியுங்கள். முதல் தடவை நிபந்தனைக்குச் சம்மதமா என்று கேட்டால் வை எழுத்தைக் கொடுக்கலாம். மென்பொருளின் பெயரும் பதிப்பும் வரும். புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் பக்கத்திலேயே காட்டும்.

பதிப்பு எண் எதற்கு என்று கேட்பீர்கள். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்ஸெட் என்ற சிறு மென்பொருள் லினக்ஸ் கணனிகளில் பரவலாக இருக்கிறது. தன்னார்வ உதவியாளராக வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் ஒரு கள்ள வாசலை வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் பிடிப்பதைக் கண்டு, காரணத்தைத் தோண்டினார். மார்ச் 29ஆம் திகதி விசயத்தை உலகுக்கு அறிவித்தார். அன்று கணனிகளைப் பராமரிப்போர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கட்டளை வரியைத் திறந்து, தம்மிடம் இருப்பது 5.6.0 அல்லது 5.6.1 பதிப்பா என்று பார்த்ததுதான். நிலையான டெபியன் பதிப்புக்குள் அது நுழைந்திருக்கவில்லை. பட்டியல் கையில் இருந்தவர்களுக்கு அன்றே நிம்மதி கிடைத்தது.

ஆகவே சகோதரிகளே, மூன்று விசயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, பெயர் விளங்கவில்லை என்பதற்காக எதையும் அழிக்காதீர்கள். கணனியே இயங்காமல் போகலாம். கொப்பியில் எழுதி, விபரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். இரண்டு, மாதம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். போன மாதம் இல்லாதது இந்த மாதம் இருந்தால், யார் நிறுவினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். மூன்று, பட்டியல் எல்லாவற்றையும் காட்டிவிடாது. பதிவேட்டில் பதியாமல் நுழைந்ததும், கெட்ட எண்ணத்தோடு மறைத்து வைத்ததும் அதில் வராது. எனவே, பழைய கணனி வாங்கினால் முழுவதையும் துடைத்துவிட்டு, இயக்க முறைமையைப் புதிதாக நிறுவிப் பாவிப்பதே பாதுகாப்பு.

பிள்ளைகளின் படங்களும் குடும்பப் பேச்சும் நம்மிடம் உள்ள அமானிதம். கதவைப் பூட்டினோமா என்று இரவில் எழுந்து பார்க்கும் நாம், இதையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாளை இந்த வேலையை அவளே பொறுப்பெடுப்பாள்.