லேசன்பியின் கடைசிக் காட்சி

ஜேம்ஸ் பாண்ட் என்றாலே ஷான் கானரிதான் என்பது ஏறக்குறையச் சட்டமாகிவிட்ட கருத்து. நண்பர்கள் சிரிக்கக்கூடும், எனினும் சொல்லிவிடுகிறேன். ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969) படத்தில் ஜார்ஜ் லேசன்பிக்குப் பதிலாகக் கானரி நடித்திருந்தால் அப்படம் பாழாகியிருக்கும்.

லேசன்பி ஆஸ்திரேலிய விளம்பர மாடல். குறைகள் வெளிப்படை. மாறுவேடப் பகுதியில் அவருக்கு ஜார்ஜ் பேக்கர் குரல் கொடுக்க நேர்ந்தது. கேலி வசனங்கள் அவர் வாயில் சருகாய் உதிர்கின்றன. ஆனால் அந்தக் கடைசிக் காட்சி! மணம் முடித்துப் புறப்பட்ட வழியில் காரை நிறுத்தி, அலங்காரப் பூக்களை அகற்றுகிறான் பாண்ட். மறு கணம் துப்பாக்கிச் சூடு. மனைவி (டயானா ரிக்) இருக்கையிலேயே சாய்ந்துகிடக்கிறாள். வந்து நிற்கும் காவலரிடம் அவள் இளைப்பாறுவதாகச் சொல்கிறான். குரல் உயரவேயில்லை. துயரத்தை எப்படி நடித்துக்காட்டுவது என்றறியாத முகம்; அதனாலேயே துயரமாகத் தெரியும் முகம்.

கானரியிடம் பெருமிதம் உண்டு, நகை உண்டு. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு அவருடைய பாண்டிடம் இடமே இல்லை. 1971இல் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ வழியே அவர் திரும்பி வந்தபோது அம்மரணம் பேசப்படவே இல்லை. (ரோஜர் மூரின் ரசிகர்கள் பொறுத்தருள்க, அது வேறு கணக்கு.) ‘லைசன்ஸ் டு கில்’ (1989) படத்தின் திருமண விருந்தில், அடுத்த மணமகன் நீதான் என்று மணமகள் சீண்ட, திமதி டால்டனின் முகம் சட்டென்று இருள்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து லேசன்பியை நினைவில் வைத்திருந்தவர் அவர்தான்.